ஓடை தொடங்கும் இடம்: ஆற்று வடிநிலங்களை அளந்த வரலாறு

ஆற்றின் ஓரிடத்தைக் கடந்து செல்லும் நீர் எந்த நிலப்பரப்பில் விழுந்த மழையோ, அந்த நிலப்பரப்புதான் அவ்விடத்துக்குரிய வடிநிலம். அதன் விளிம்பு நீர்ப்பிரிமேடு. குடகு மலையில் தலைக்காவிரிக்குக் கிழக்கே விழும் மழை வங்காள விரிகுடாவுக்குப் போகிறது. சில கிலோமீட்டர் மேற்கே விழுவது அரபிக்கடலைச் சேர்கிறது. சொல்வதற்கு இவ்வளவு எளிதான பொருளை வரைபடத்தில் கோடாக்குவதற்கு மூன்று நூற்றாண்டு உழைப்பு தேவைப்பட்டது. அளப்பவர் இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டியிருந்தது: வடிநிலத்தின் எல்லை எங்கே, அதற்குள் ஓடைகள் எந்த இடத்தில் தொடங்குகின்றன. முதல் கேள்விக்குக் கருவிகள் நல்ல விடை தந்துவிட்டன. இரண்டாவது, செயற்கைக்கோள் வந்த பிறகும் அளப்பவரின் தீர்மானமாகவே இருக்கிறது.

வடிநிலத்தை முதலில் கணக்குக்குள் கொண்டுவந்தவர் பியர் பெரோ என்ற பிரெஞ்சுக்காரர். சிண்ட்ரெல்லா கதையை எழுதிய ஷார்ல் பெரோவின் அண்ணன். ஊற்றுகளின் பிறப்பைப் பற்றி அவர் எழுதிய நூல் 1674இல் பாரிஸில் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. ஆறுகளை நிரப்ப மழைநீர் போதாது, கடல்நீர்தான் நிலத்தடி வழியாக மலையேறி ஊற்றாகிறது என்று கற்றவர்களே நம்பிய காலம் அது. பெரோ சேன் ஆற்றின் தலைப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டார். அதற்கு நீர் தரும் நிலத்தை ஏறத்தாழ மூன்று லீக் நீளமும் இரண்டு லீக் அகலமும் உள்ளதாகக் கொண்டு, அதில் ஓராண்டு பெய்யும் மழையைக் கணக்கிட்டு, ஆற்றில் ஓடும் நீரோடு ஒப்பிட்டார். மழையில் ஆறில் ஒரு பங்கு இருந்தாலே ஆண்டு முழுவதும் ஆறு ஓடப் போதும் என்று கண்டார். அவர் கொண்ட பரப்பளவு வெறும் மதிப்பீடு. ஆனாலும் ஒரு வாதத்தின் முடிவு வடிநிலப் பரப்பைச் சார்ந்து நின்றது அதுவே முதல் முறை.

அடுத்த நூற்றாண்டில் பிரெஞ்சுப் புவியியலாளர் பிலிப் புவாஷ் உலகம் முழுவதையும் வடிநிலங்களாகப் பிரித்துப் பார்த்தார். 1752இல் அவர் முன்வைத்த கோட்பாட்டின்படி, பூமியைச் சுற்றித் தொடர்ச்சியாக ஓடும் மலைத்தொடர்கள் கடல்களையும் ஆறுகளையும் தனித்தனிக் கொப்பரைகளாக வகுக்கின்றன. இரண்டு ஆறுகளுக்கு நடுவே மலை இருந்தே தீர வேண்டும் என்று அவர் எண்ணியதால், சமவெளியிலும் மலையை வரைந்துவிட்டார். நீர்ப்பிரிமேடு பல இடங்களில் கண்ணுக்கே தெரியாத மேடு என்பதை அன்றைய வரைபடக் கலையால் காட்ட இயலவில்லை. அதைக் காட்டும் வழி சம உயரக் கோடு. 1774இல் ஸ்காட்லாந்தின் ஷிஹாலியன் மலையில் பூமியின் அடர்த்தியைக் காண ஓர் ஆய்வு நடந்தது. அதன் கணக்கைப் போட்ட சார்லஸ் ஹட்டன், ஒரே உயரமுள்ள புள்ளிகளைக் கோட்டால் இணைத்தார். இக்கோடுகள் மேட்டை நோக்கி வளைந்தால் அங்கே பள்ளத்தாக்கு. தாழ்வை நோக்கி வளைந்தால் முகடு. முகட்டு வளைவுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனால் வடிநில எல்லை கிடைத்துவிடும். இன்றும் கல்லூரிச் செய்முறைத் தேர்வில் மாணவர்கள் பென்சிலால் செய்வது இதைத்தான்.

இந்தியாவில் இந்தக் கோடுகளுக்கு அடித்தளம் சென்னையில் போடப்பட்டது. ஆங்கிலேயப் படை அதிகாரி வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலைக்கு அருகே ஏறத்தாழ 12 கி.மீ. நீளமுள்ள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக விரிந்த அளவை 1818இல் இந்தியப் பெரும் முக்கோண அளவை என்ற பெயரைப் பெற்றது. ஒரு நிலையத்திலிருந்து அடுத்தது தெரிய வேண்டும் என்பதால் நிலையங்கள் குன்றின் உச்சிகளிலேயே அமைந்தன. ஆற்று வடிநிலங்களின் எல்லைகள் ஓடுவதும் அதே உச்சிகள் வழியாகத்தான். காவிரிச் சமவெளிக்கு வந்ததும் லாம்டனுக்கு ஏறுவதற்குக் குன்றில்லை; கோயில்களின் உயரத்தை நாடினார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அரை டன் எடையுள்ள கோணமானியை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. அதைச் சீர்செய்ய அவர் வாரக்கணக்கில் உட்கார வேண்டியிருந்தது.

இந்திய நில அளவைத் துறையின் நிலவரைபடத் தாள்கள் முதலில் ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற அளவிலும், மெட்ரிக் முறைக்கு மாறியபின் 50,000இல் ஒன்று என்ற அளவிலும் வந்தன. அவற்றில் நீர் ஓடும் ஆறு நீலத்திலும் வறண்ட ஓடை கருப்பிலும் இருக்கும். களப்பணி பெரும்பாலும் மழை ஓய்ந்த மாதங்களில்தான் நடந்தது. சரிவில் மழைநீர் அரித்த சிறு பள்ளங்களில் எதை ஓடை என்று வரைவது, எதை விட்டுவிடுவது என்பதை அங்கே நின்ற அளவையாளர் தீர்மானித்தார். அடுத்தடுத்த இரண்டு தாள்களை ஒட்டிப் பார்த்தால் ஒன்றில் ஓடைகள் அடர்ந்தும் மற்றதில் அருகியும் இருப்பது உண்டு. நிலம் அங்கே மாறியிருக்க வேண்டியதில்லை. வரைந்த கை மாறியிருந்தாலே போதும்.

இந்த ஓடைக் கோடுகளை எண்ணியும் அளந்தும் ஓர் அறிவியல் செய்யலாம் என்று காட்டியவர் ராபர்ட் ஹார்ட்டன். நியூயார்க் மாநிலத்தின் வூரீஸ்வில் என்ற சிற்றூரில் சொந்தமாக நீரியல் ஆய்வகம் வைத்திருந்த பொறியாளர் அவர். வடிநிலத்தின் பண்புகளை எண்களாகச் சொல்லும் கட்டுரையொன்றை 1932இல் எழுதினார். ஓடைகளின் மொத்த நீளத்தை வடிநிலப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது ஓடை அடர்த்தி. பரப்பை வடிநில நீளத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது வடிவக் காரணி. ஏறத்தாழ நூறு பக்கம் கொண்ட அவருடைய பெருங்கட்டுரை 1945இல் அமெரிக்க நிலவியல் கழகத்தின் இதழில் வந்தது. அதே ஆண்டில் அவர் காலமானார். துணையோடை இல்லாத ஓடை முதல் வரிசை. இரண்டு முதல் வரிசை ஓடைகள் சேர்ந்தால் இரண்டாம் வரிசை. இரண்டாம் வரிசை இரண்டு சேர்ந்தால் மூன்றாம் வரிசை. வரிசை ஒன்று கூடும்போது ஓடைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒரே விகிதத்தில் குறைகிறது. பெரும்பாலான வடிநிலங்களில் அந்த விகிதம் மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையில் இருந்தது. மலையும் பாறையும் மழையும் வேறுவேறான நாடுகளிலும் இவ்வாறே வந்ததைக் கண்டு பலரும் இதை இயற்கையின் விதி என்றே கொண்டனர்.

ஹார்ட்டன் முதன்மை ஆற்றின் வரிசை எண்ணை அதன் தலை வரைக்கும் பின்னோக்கிக் கொண்டுபோனார். எந்தக் கிளை முதன்மை என்ற வழக்கு அதில் ஓயாது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆர்தர் ஸ்ட்ராலர் 1950களில் அந்தப் பின்னோட்டத்தை நீக்கிவிட்டு முறையை எளிதாக்கினார். இன்று உலகம் முழுவதும் புழங்குவது அவருடைய முறையே. அவருடைய மாணவர் ஸ்டான்லி ஷம் நியூ ஜெர்சியின் பெர்த் அம்பாய் என்ற இடத்தில், களிமண் மேட்டை மழை அரித்து உண்டாக்கிய குறுவடிநிலங்களை ஆராய்ந்தார். மலைத்தொடரில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் நிகழ்வது அங்கே சில ஆண்டுகளில் கண்ணெதிரே நிகழ்ந்தது. 1956இல் வந்த அந்த ஆய்வில்தான் வடிநிலம் வட்டமா நீண்டதா என்று காட்டும் நீட்சி விகிதம் அறிமுகமானது. வட்டமான வடிநிலத்தில் எல்லா ஓடைகளின் நீரும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வாயிலை வந்தடைவதால் வெள்ளம் சட்டென்று உயரும். நீண்டு ஒடுங்கிய வடிநிலத்தில் அது தணிந்து, நெடுநேரம் ஓடும்.

இந்த வேலையின் கருவிகள் எளியவை. நிலவரைபடத்தின் மேல் விரித்த ஒளி ஊடுருவும் தாள், கூர்மையான பென்சில், கோட்டின் நீளம் அளக்கச் சிறு சக்கரம், பரப்பளக்க யாக்கோப் அம்ஸ்லர் 1854இல் கண்டுபிடித்த பரப்புமானி. ஒரு நடுத்தர வடிநிலத்துக்கே மாதங்கள் ஆகும். முதல் வரிசை ஓடைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒன்றை விட்டாலும் மேலுள்ள வரிசைகள் மாறிவிடலாம்.

வானிலிருந்து பார்க்கும் வழக்கம் முதலில் விமானப் படங்களோடு வந்தது. டேராடூனில் படவிளக்கப் பயிற்சி நிலையம் 1966இல் டச்சு நாட்டின் உதவியோடு தொடங்கப்பட்டது. 1972 ஜூலை 23 அன்று அமெரிக்கா ஏவிய லேண்ட்சாட் 1 இந்த வேலையின் அளவை மாற்றியது. ஒரு படம் 185 கி.மீ. அகல நிலத்தைக் காட்டியது. அதில் ஒரு புள்ளி ஏறத்தாழ 80 மீட்டர். ஐதராபாத் அருகே ஷாத்நகரில் அமைந்த நிலையம் 1979இல் அப்படங்களை நேராகப் பெறத் தொடங்கியது. பெரிய ஆறுகளின் பழைய தடங்கள் முதன்முறையாக முழுமையாகத் தெரிந்தன. யஷ் பாலும் உடன் ஆய்வாளர்களும் 1980இல் லேண்ட்சாட் படங்களைக் கொண்டு, காக்கர் ஆற்றின் வறண்ட அகலப் படுகையில் ஒரு காலத்தில் சட்லெஜ் ஓடியது என்று வாதிட்டனர். 1988 மார்ச் 17 அன்று ஏவப்பட்ட ஐஆர்எஸ் 1ஏ, 36 மீட்டர் நுணுக்கம் வரை இந்தியாவுக்குச் சொந்தப் படங்களைத் தந்தது. வடிநிலத்துக்குள் எவ்வளவு காடு, எவ்வளவு வயல், எவ்வளவு பொட்டல் என்பதை ஆண்டுதோறும் புதுப்பிக்க முடிந்தது. பெய்த மழையில் எவ்வளவு வழிந்தோடும் என்ற கணக்குக்கு அதுவே முதல் தேவை.

ஆனால் அந்தப் படங்களில் உயரம் இல்லை. நீர் எந்தப் பக்கம் போகும் என்பதைப் படம் சொல்லாது, உயரந்தான் சொல்லும். 1980களிலும் 1990களிலும் கணினி வந்துவிட்ட பிறகும் உயரத்துக்கு நிலவரைபடத் தாளையே நம்ப வேண்டியிருந்தது. சம உயரக் கோடுகளை மின்மேசையில் ஒட்டி, ஒவ்வொரு கோட்டின் மேலும் சுட்டியை நகர்த்திக் கணினிக்குள் ஏற்றினார்கள். அமெரிக்கத் தரைப்படையின் கட்டுமான ஆய்வகம் படைத்தளங்களின் நிலத்தைப் பேண 1982 முதல் உருவாக்கிய கிராஸ் என்ற மென்பொருளும், எஸ்ரி நிறுவனம் அதே ஆண்டில் வெளியிட்ட ஆர்க் இன்ஃபோவும் இதற்குப் பயன்பட்டன. கடற்கரை, எல்லைப் பகுதிகளின் தாள்கள் இந்தியாவில் பொதுமக்களுக்குக் கிடைக்காத காலம் அது. தன் ஊர் ஆற்றை ஆராய நினைத்த ஆய்வு மாணவருக்கு அந்த ஆற்றின் கடைசித் தாளே கைக்கு வராமல் போவது உண்டு.

அந்தத் தடையைப் பதினொரு நாள் பயணம் ஒன்று தகர்த்தது. 2000 பிப்ரவரி 11 அன்று கிளம்பிய எண்டெவர் விண்ணோடம், தன் உடலிலிருந்து 60 மீட்டர் நீளக் கம்பத்தை நீட்டி அதன் முனையில் இரண்டாவது ரேடார் உணர்கொம்பை வைத்துக்கொண்டு பறந்தது. ஒரே இடத்திலிருந்து திரும்பும் அலையை இரண்டு கொம்புகளும் சற்று வேறுபாட்டோடு பெறும். அந்த வேறுபாட்டிலிருந்து உயரம் கணக்கிடப்பட்டது. வடக்கே 60 பாகை முதல் தெற்கே 56 பாகை வரை, உலக நிலத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு இப்படி அளக்கப்பட்டது. அமெரிக்காவுக்கு வெளியே முதலில் 90 மீட்டர் கட்டங்களாகவும், 2014 முதல் 30 மீட்டர் கட்டங்களாகவும் தரவு இலவசமாக வெளியானது. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட கார்ட்டோசாட் 1, முன்னோக்கியும் பின்னோக்கியும் பார்க்கும் இரண்டு கேமராக்களின் படங்களிலிருந்து இந்தியாவுக்கு உயரத் தரவைத் தந்தது. அதன் 30 மீட்டர் வடிவம் இஸ்ரோவின் புவன் தளத்தில் கிடைக்கிறது.

உயரக் கட்டங்களிலிருந்து ஓடைகளை எடுக்கும் வழி இதற்கு முன்பே தயாராக இருந்தது. ஓகல்லகனும் டேவிட் மார்க்கும் 1984இல் விளக்கிய முறையில், ஒவ்வொரு கட்டமும் தன்னைச் சூழ்ந்த எட்டுக் கட்டங்களைப் பார்த்து, மிகச் செங்குத்தாகத் தாழும் ஒன்றுக்குத் தன் நீர் முழுவதையும் கொடுக்கும். அமெரிக்க நிலவியல் அளவைத் துறையைச் சேர்ந்த ஜென்சனும் டொமிங்குவும் 1988இல் இதை முழு வரிசையாக அமைத்தனர். முதலில் வெளியேற வழியில்லாத பள்ளங்களை நிரப்புவது; பிறகு ஓட்டத் திசை; அதன்பின் ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலிருந்து எத்தனை கட்டங்களின் நீர் வந்து சேர்கிறது என்ற கூட்டல். வாயில் எது என்று ஒரு புள்ளியைச் சுட்டினால், அதற்கு நீர் அனுப்பும் கட்டங்கள் அனைத்தும் திரண்டு வடிநிலமாக நிற்கும். மாதங்கள் பிடித்த வேலை நிமிடங்களுக்குச் சுருங்கியது. எல்லைக் கோடு, மலைப்பாங்கான நிலத்தில், தேர்ந்த கை வரைந்ததற்குக் குறையாமல் வந்தது.

ஓடைகளோ அப்படி வரவில்லை. எத்தனை கட்டங்களின் நீர் சேர்ந்தால் அதை ஓடை என்பது? மென்பொருள் அந்த எண்ணைப் பயனரிடம் கேட்கிறது. 90 மீட்டர்க் கட்டத்தில் ஆயிரம் என்று கொடுத்தால் 8.1 ச.கி.மீ. நிலத்தின் நீர் திரண்டால்தான் ஓடை தொடங்கும். அதே ஆயிரத்தை 30 மீட்டர்க் கட்டத்தில் கொடுத்தால் 0.9 ச.கி.மீ. போதும். எண்ணைக் குறைத்தால் முதல் வரிசை ஓடைகள் பெருகும், ஓடை அடர்த்தி ஏறும், வடிநிலத்தின் வரிசையே ஒன்று கூடும். நிலம் இருந்தபடியே இருக்கும். பலரும் நிலவரைபடத் தாளிலுள்ள கோடுகளோடு ஒத்துவரும் வரை எண்ணை மாற்றிப் பார்க்கிறார்கள். அப்படிச் செய்யும்போது பழைய அளவையாளரின் தீர்மானமே கணினி வழியாகத் திரும்பி வருகிறது.

இந்தக் கேள்விக்குக் களத்தில் விடை தேடியவர்கள் டேவிட் மான்ட்கோமரியும் வில்லியம் டீட்ரிக்கும். அமெரிக்காவின் மேற்குக் கரை மலைச்சரிவுகளில் நடந்து, கரையும் அடியும் தெளிந்த ஓடைத்தலைகளை ஒவ்வொன்றாகக் குறித்து, 1988இல் தங்கள் முடிவை வெளியிட்டனர். சரிவு கூடக்கூட ஓடை தொடங்கத் தேவையான நிலப்பரப்பு குறைகிறது. அப்படியானால் ஒரு வடிநிலம் முழுவதற்கும் ஒரே எண் என்பது தொடக்கத்திலேயே பிழை. ஹார்ட்டனின் விகிதங்களுக்கு வேறொரு பக்கமிருந்து அடி விழுந்தது. ஏறத்தாழ எந்தக் கிளை வலையை எடுத்து ஸ்ட்ராலர் முறையில் வரிசைப்படுத்தினாலும் அந்த விகிதங்கள் வந்தே தீரும் என்று ஜேம்ஸ் கர்ச்னர் 1993இல் காட்டினார். மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையில் வந்த விகிதம் நிலத்தைப் பற்றிச் சொன்னதைவிட எண்ணும் முறையைப் பற்றியே அதிகம் சொல்லியிருக்கிறது.

இவற்றால் வடிநில விகிதங்களைக் கணக்கிடும் ஆய்வுகளின் உற்பத்தி குறையவில்லை. இந்தியாவில் அனுமந்த ராவ் குழுவின் பரிந்துரைக்குப் பின் 1995இல் வந்த நெறிமுறைகள், ஊரக நிலமேம்பாட்டை ஏறத்தாழ 500 எக்டேர் நீர்வடிப்பகுதிகளாகச் செய்யச் சொல்லின. எந்தப் பகுதியில் மண்ணரிப்பு மிகுதி, எங்கே தடுப்பணை முதலில் வேண்டும் என்று வரிசைப்படுத்த வடிநில விகிதங்கள் கையாளப்பட்டன. ரேடார் உயரத் தரவு இலவசமானதும் இந்தியப் பல்கலைக்கழகங்களிலிருந்து ஆற்றுக்கு ஓர் ஆய்வேடு வரத் தொடங்கியது. பலவற்றில் ஆற்றின் பெயரை மாற்றிவிட்டால் அட்டவணையின் தலைப்புகள்கூட அப்படியே இருக்கும். மழை, மண், பாறை ஆகியவற்றோடு சேர்த்துப் பார்த்தால் இவ்விகிதங்கள் உதவும். தனியே நின்றால் வடிநிலத்தின் உருவத்தைத்தான் சொல்லும்.

தமிழ்நாட்டின் நீர்வளத் துறை மாநிலத்தை 17 ஆற்று வடிநிலங்களாக வகுத்திருக்கிறது. மலையில் நன்றாக வேலை செய்யும் மென்பொருள் இவற்றின் சமவெளிக்கு இறங்கியதும் தடுமாறுகிறது. முதல் இடர் ஏரிகளும் கண்மாய்களும். மேல் கண்மாய் நிறைந்து கலிங்கு வழியே அடுத்த கண்மாய்க்குப் போகும் தொடரில், ஒவ்வொன்றும் மனிதர் கரை போட்டு உண்டாக்கிய பள்ளம். பள்ளங்களை நிரப்பிவிட்டுத் தொடங்குவது கணினியின் முதல் படி என்பதால், நீரைத் தேக்கும் கண்மாய் தரவுப் பிழையைப் போலவே அழிக்கப்படுகிறது. கலிங்கு இருக்கும் பக்கம் விட்டு வேறொரு பக்கம் ஓடை வழிவதாக வரைபடம் காட்டுவதும் உண்டு.

இரண்டாவது இடர் இன்னும் அடிப்படையானது. ஒரு கட்டம் தன் நீரை ஒரே கட்டத்துக்குத்தான் கொடுக்கும் என்பது முறையின் விதி. ஆகவே அதில் ஆறுகள் சேரலாம், பிரிய முடியாது. காவிரியோ முக்கொம்பில் கொள்ளிடத்தைப் பிரித்துவிட்டு, கல்லணையில் வெண்ணாறாகவும் கல்லணைக் கால்வாயாகவும் மீண்டும் பிரிந்து, குடமுருட்டி, அரசலாறு என்று விரிந்துகொண்டே கடலுக்குப் போகிறது. 81,155 ச.கி.மீ. வடிநிலத்தின் மேற்பகுதி முழுவதையும் சரியாக வரைந்த மென்பொருள், கல்லணைக்குக் கீழே ஒரு கிளைக்கு எல்லா நீரையும் கொடுத்துவிட்டு மற்றவற்றை அனாதையாக்குகிறது. அங்கே நிலத்தின் சரிவு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டருக்கும் குறைவு. ரேடார் உயரமோ முழு மீட்டர்களாகப் பதிவானது, தென்னந்தோப்பின் தலையையும் தரையென்றே கணக்கிட்டது. தெரிந்த ஆறுகளின் தடத்தில் கட்டங்களின் உயரத்தை வேண்டுமென்றே சில மீட்டர் தாழ்த்தி, நீர் அதிலேயே ஓடும்படி செய்வது இதற்கு வழக்கமான பரிகாரம். அந்தத் தடம் நிலவரைபடத் தாளிலிருந்து எடுக்கப்படுகிறது.

தரைக்கு அடியில் நடப்பதும் வானிலிருந்து தெரிவதில்லை. 1895இல் திறக்கப்பட்ட பெரியாறு அணையின் நீர், மேற்குத் தொடர்ச்சி மலையின் நீர்ப்பிரிமேட்டைக் குடைந்த சுரங்கம் வழியாக வைகை வடிநிலத்துக்குள் வருகிறது. உயரத் தரவு மட்டும் அறிந்த கணினிக்குப் பெரியாறு முழுவதும் அரபிக்கடலுக்குப் போகும் ஆறு. வைகையின் நீர்க்கணக்கைப் போடுகிறவர் அந்த வரவைக் கையால் சேர்க்க வேண்டும்.

தரவு நுணுக்கமானால் இவையெல்லாம் தீரும் என்ற எதிர்பார்ப்பும் முழுதாக நிறைவேறவில்லை. விமானத்திலிருந்து லேசர் கதிரால் அளந்த ஒரு மீட்டர்க் கட்டங்களில் வரப்பும் வாய்க்காலும்கூடத் தெரிகின்றன. அதோடு சாலைக் கரையும் தெரிகிறது. 90 மீட்டர்க் கட்டத்தில் கரைந்துபோயிருந்த நெடுஞ்சாலை இப்போது ஆற்றின் குறுக்கே அணையாக எழுந்து நிற்கிறது. அதற்கு அடியிலுள்ள குழாய்ப்பாலம் மேலிருந்து பார்க்கும் லேசருக்குப் படாது. கணினி சாலைக்குப் பின்னால் இல்லாத ஏரியொன்றை நிரப்பி, நீரைச் சாலையோரமாகவே நடத்திப் பக்கத்து வடிநிலத்துக்குள் விட்டுவிடுகிறது. எனவே கணக்கைத் தொடங்கும் முன் ஒவ்வொரு குழாய்ப்பாலம் இருக்கும் இடத்திலும் கரையைக் கணினியில் வெட்டித் திறக்கிறார்கள். பாலங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்பதைச் சாலைத் துறையின் பதிவேட்டில் பார்க்கிறார்கள். அதில் இல்லாதவற்றைச் சாலை வழியே நடந்து குறித்துக்கொண்டு வருகிறார்கள்.